ஐம்பத்தேழு வயதின் வயிறு

‘அட்ராபி’ என்ற சொல் தியோடருக்குப் புதிதல்ல. அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு அறிக்கையாகத் தட்டச்சு செய்யும் ஹைதராபாத் பேகம்பேட் நிறுவனம் ஒன்றில் ஆறு வருடமாகப் பிழை திருத்துகிறார். இரைப்பையின் உட்சவ்வு மெலிவது, அமிலம் சுரக்கும் சுரப்பிகள் குறைந்து அங்கே குடலுக்குரிய செல்கள் குடியேறுவது எல்லாம் டெக்ஸாஸ் கிழவர்களின் சமாசாரம் என்று நினைத்திருந்தார். 2004 ஜூனில் அந்தச் சொல் அவருடைய அறிக்கையிலேயே வந்தது, ஓர் எழுத்துக் குறைவாக. அவர் கண்ணில் முதலில் பட்டது அந்த எழுத்துதான்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மருத்துவ அறிக்கை கேட்டிருந்தார்கள். ஐம்பத்தெட்டு முடியும்வரைதான் புதுப்பிப்பார்கள். தியோடருக்கு ஐம்பத்தேழு. முன்பிருந்த கம்பெனியை மூடியபோது லோத்குண்டா வீட்டில் மூன்று மாதம் சும்மா இருந்து, மனைவி ஆக்னஸின் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டியவர் அவர். இன்னொரு முறை அப்படி உட்கார இருவருமே தயாராக இல்லை.

டாக்டர் வரதராஜன் அறிக்கையைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கிருமி எதுவும் இல்லை. ஆனால் ஐம்பத்தேழு வயதுக்கு இவ்வளவு மெலிவு அதிகம், ரத்தப் பரிசோதனைகள் வேண்டும், வருடா வருடம் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், காரமும் உப்பும் ஆகாது என்றார்.

“அறுபத்தொண்ணுன்னா, டாக்டர்?”

“அறுபத்தொண்ணுன்னா நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். வயசுக்கேத்த வயிறுன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.”

தியோடர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னார். அவர் அப்பாவுக்கு ரயில்வேயில் செகந்திராபாத்துக்கு மாற்றலானபோது தியோடருக்குப் பதினொரு வயது. திருநெல்வேலியில் ஐந்தாவது வரை தமிழில் படித்த பையனுக்கு இங்கிலீஷ் வராதென்று இரண்டாம் வகுப்பில் போட்டார்கள். வகுப்புக்குத் தோதாக ஹெட்மாஸ்டரே வயதில் நான்கைக் குறைத்துக்கொண்டார். பையனும் உருவத்தில் சிறிசு, யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டும் சரியான வருடம் இருந்தது.

டாக்டர் சிரித்தார். சரியான வயதைப் போட்டு வேறு அறிக்கை எழுதிக்கொடுத்தார். பழையதையும் கிழிக்கவில்லை. எது வேண்டுமோ அதைக் கொடுங்கள் என்றார்.

ஆக்னஸ் இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படித்தாள். ஒன்றில் புருஷன் நோயாளி, வேலை உண்டு. மற்றதில் புருஷனுக்கு ஒன்றுமில்லை, வேலையும் இல்லை.

“கைக்கு? எதுக்கு இவ்ளோ யோசிக்கிறீங்க? உள்ள இருக்கிறது ஒரே வயிறுதானே,” என்றாள், ஹைதராபாத் உருது கலந்து. “நல்லா இருக்கேன்னு வீட்ல வந்து உக்காரதெல்லாம் நக்கோ, வேணவே வேணாம்.”

மறுநாள் தியோடர் நோயாளியின் அறிக்கையைக் கொடுத்தார், விட்டுப்போன எழுத்தைப் பேனாவால் சேர்த்து. பணியாளர் பிரிவில் இருந்த ப்ரியாவுக்கு வயது இருபத்தாறு, ஊர் கோயம்புத்தூர். நோயைப் பற்றி விதிகளில் ஒன்றும் இல்லையாம். வயதைப் பற்றித்தான் இருக்கிறதாம். புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தியோடர் நிமிர்ந்தபோது அவள் கண் லேசாகக் கலங்கியிருந்தது.

“இந்தச் சின்ன வயசுலயா, அங்கிள்?”

“என்னம்மா செய்யறது,” என்றார் தியோடர். உண்மையாகவே வருத்தப்படவும் செய்தார்.

ப்ரியா அத்தோடு விடவில்லை. அவருக்குக் காரமும் உப்பும் கூடாதென்று கேண்டீனில் சொல்லி வைத்தாள். அன்றிலிருந்து மற்றவர்கள் பிரியாணியும் மிர்ச்சி கா சாலன் என்ற மிளகாய்க் குழம்பும் சாப்பிடும் மேஜையில், அறுபத்தொரு வயதுக்கு எந்தக் குறையுமில்லாத வயிற்றோடு, தியோடர் உப்பில்லாத மோர்சாதம் சாப்பிடுகிறார். தட்டு காலியாகும்வரை ப்ரியா எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.