அதிராத கட்டில்

கட்டிலுக்கடியில் மல்லாந்து படுத்தபடி வர்ஷா கடைசித் திருகை இறுக்கினாள்.

"அப்பா, டார்ச்ச இந்தப் பக்கம் காட்டுங்க."

தனசேகரன் குனிந்து காட்டினார். மேலே, அதே கட்டிலில், அவர் மனைவி ரத்தினம்மா கண்ணை மூடிக் கிடந்தாள். புற்றுநோய் முதுகெலும்புக்கு வந்துவிட்டது. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் இருந்த அந்த அடுக்குமாடி வீட்டுக்குப் பழைய மின்கட்டில் ஒன்றை வாங்கிப் போட்டார்கள். பொத்தானை அழுத்தினால் தலைப்பக்கம் உயரும். உயரும்போதெல்லாம் கடகடவென்று அதிரும். ஒவ்வோர் அதிர்வும் எலும்புக்குள் இறங்கும். "வேணாம்மா, படுத்தே இருக்கேன்" என்று ரத்தினம்மா சாப்பாட்டையே குறைத்துக்கொண்டாள்.

வர்ஷாவுக்கு துவாஸில், நுண்ணிய மோட்டார்கள் பொருத்தும் கம்பெனியில் வேலை. மோட்டாரின் தண்டையும் அது சுழற்றும் தண்டையும் சேர்க்கிற கப்ளிங் நாள் முழுக்க அவள் கையில் புழங்குவது. கட்டிலில் இருந்தது வெறும் இரும்புக் கப்ளிங். தண்டுகள் மயிரிழை விலகியிருந்தாலும் உதறலை அப்படியே கடத்திவிடும். நடுவில் ரப்பர் வைத்தது என்றால் அந்த உதறலை ரப்பரே வாங்கிக்கொள்ளும். அளவு பார்த்து, சூப்பர்வைசரிடம் கேட்டு ஒன்றை வாங்கி வந்திருந்தாள்.

வெளியே வந்து பொத்தானை அழுத்தினாள். ரத்தினம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். கட்டில் சத்தமில்லாமல் எழுந்தது. அவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"என்னடி பண்ணே?"

"சின்ன பார்ட்தான்மா. மாத்திட்டேன்."

"இன்னும் கொஞ்சம் தூக்கு."

ஜன்னல் தெரிந்தது. எதிர் புளோக்கில் மூங்கில் கழிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"அந்த வீட்ல பிள்ள பொறந்துருச்சா? எவ்ளோ சின்னச் சட்ட, பாருங்க."

தனசேகரன் பார்த்தார்.

"என்னங்க, கோப்பி குடிக்கணும் போல இருக்கு. சீனி நிறைய போட்டு."

"இதோ வாங்கிட்டு வந்துர்றேன் லா" என்றவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியேறினார்.

வர்ஷா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரத்தினம்மா எதிர் புளோக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு ஒருமுறை நீண்டது. அடுத்தது வர நேரமாயிற்று. அதற்கடுத்தது வரவில்லை.

"அம்மா."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. "கடையில கூட்டம். ஆறுறதுக்குள்ள குடுத்துரும்மா" என்றபடி தனசேகரன் உள்ளே வந்தார். வர்ஷா அம்மாவின் கையை விடவில்லை.

"தூங்கிட்டாளா?"

"இல்லப்பா."

அவர் கோப்பிப் பையை ஜன்னல் கம்பியில் மாட்டினார். மனைவியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"வலிச்சுதா?"

"இல்ல. வலிக்கலப்பா."

தலையாட்டிக்கொண்டார். அசைந்தால் அவளுக்கு நோகும் என்று இத்தனை வாரமும் அவர் அந்தக் கட்டிலின் விளிம்பில்கூட உட்கார்ந்ததில்லை. நின்றே பேசுவார், நின்றே ஊட்டுவார். இப்போது அவள் பக்கத்தில் முழு பாரத்தோடு உட்கார்ந்தார்.