செந்தூல் வீட்டில் லோ ஃபேட் பால்

செந்தூலில் எங்கள் புது கொண்டோ அடுக்குமாடி வீட்டில் பால் காய்ச்சும் நாள். முந்தின நாள் பிரிக்பீல்ட்ஸில் பூ, பழம், மாவிலை எல்லாம் சரியாக வாங்கிய என் வீட்டுக்காரர் விமலன், பாலில் மட்டும் கோட்டை விட்டார். கொலஸ்ட்ரால் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவர் கை தானாக லோ ஃபேட் பெட்டிக்குத்தான் போகும்.

"இது பாலா? பால் கழுவுன தண்ணி!" என்றார் என் மாமியார் சீதாலெட்சுமி. "கொழுப்ப எடுத்துட்டா அப்புறம் எது பொங்கும்? பொங்கலேன்னா இந்த வீட்ட வாடகைக்கு விட்டுட்டு எல்லாரும் கிள்ளானுக்கே திரும்பிடலாம்."

கிள்ளானில் அவர் அடுப்படியில் கடுகு தாளிக்கக்கூட நான் அனுமதி கேட்க வேண்டும். இந்த அடுப்படி என்னுடையது. இதைப் போய் ஒரு பெட்டிப் பாலுக்காக விட்டுக்கொடுப்பதா?

கீழே கடை இன்னும் திறக்கவில்லை. நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப் படித்தே டாக்டரான விமலனின் மாமா வேலாயுதம் தொண்டையைச் செருமினார்.

"ஈசி லா. எடுத்த கொழுப்பத் திருப்பிப் போட்டா முடிஞ்சிச்சு. நெய் இருக்கா?"

மாமியார் நெய்யைத் தாராளமாக ஊற்றினார். ஓரத்தில் குமிழ் வந்தது, கொஞ்சம் தலை தூக்கியது, அமுங்கிவிட்டது. மாமா இன்னொரு கரண்டி போடச் சொன்னார். போட்டதும் இருந்த குமிழும் போயிற்று. நெய் மூடி போட்ட மாதிரி மேலே மினுமினுத்தது.

"நான் சொன்னேன்ல," என்று மாமியார் தாம்பாளத்தை எடுத்து வைக்கவே தொடங்கிவிட்டார்.

பாலுக்கு முன்னால் எனக்குப் பொங்கியது. வேறு பாத்திரம் வைத்து, மிச்சமிருந்த பாலை வெறுமனே ஊற்றித் தீயைக் கூட்டினேன்.

"கொஞ்சம் நெய்யாச்சும் போடு மாதவி," என்று மாமா கெஞ்சினார்.

"கிட்ட வராதீங்க மாமா!" என்று கரண்டியை ஓங்கினேன்.

வாய் மூடவில்லை, நுரை குபுகுபுவென எழும்பி அடுப்பை மூழ்கடித்து, மாமாவின் பட்டு வேட்டி வரை தெறித்தது. "பொங்கிடுச்சு! பொங்கிடுச்சு!" விமலன் குதித்தார். நானும் குதித்தேன், பாலில் வழுக்கி மாமியாரையே கட்டிப் பிடித்தேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சந்தோஷத்தில் எனக்கு மூச்சு முட்டியது.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கொழுப்பே இல்லாத பாலே இப்படிப் பொங்குதுன்னா எவ்வளவு ராசியான வீடு! டேய் விமலா, கிள்ளான் வீட்ட வாடகைக்கு விட்டுரு. நான் இங்கயே இருந்துடுறேன்."

சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார்.