கேப்டனைப் பற்றி எழுதிய கட்டுரை

அந்தப் பகல்நேர மையத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். நாத்தனாரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்ட புதிதில், அவள் "அண்ணி, அண்ணி" என்று பின்னாலேயே சுற்றியதைப் பார்த்து மற்றவர்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த மேலாளர் அம்மாகூட, "அண்ணனே இல்லாம எனக்கு ஒரு அண்ணி" என்று சொல்லிச் சிரிப்பார்.

மையத்துக்குத் தினமும் இருபத்திரண்டு மாற்றுத்திறனாளிகள் வருவார்கள். அவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றிப் படுக்கவைக்கும் வேலையை அண்ணி ஒன்பது வருடமாகச் செய்துவந்தாள். அவள் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவன் கேப்டன். முப்பத்தோரு வயது. கையும் காலும் நாக்கும் சொன்னபடி கேட்காது. மின்விசிறிக் காற்று காதில் படாமலிருக்க அவன் அம்மா மாட்டிவிடும் தொப்பியால் வந்த பெயர் அது. அவனுக்கு எதுவும் புரியாது என்று நினைத்து எல்லோரும் அவன் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் மேலே பார்த்தால் ஆமாம், கண்ணை இறுக்கி மூடினால் இல்லை என்று கண்டுபிடித்தவள் அண்ணி. அதற்கு அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது.

அதன் பிறகு தினமும் கேள்விதான். கேட்டுக் கேட்டு ஒருநாள் அவன் மனதின் அடியில் கிடந்ததையும் தொட்டுவிட்டாள். அப்பா வீட்டைவிட்டுப் போனதற்குத் தான்தான் காரணம் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். "அம்மாகிட்ட சொல்லக் கூடாதா?" மேலே பார்த்தான். "யார்கிட்டயுமே?" மறுபடியும் மேலே பார்த்தான். "சரிப்பா, என்னோட போகட்டும்" என்று அவன் கையைப் பிடித்துச் சொன்னாள்.

அந்த வருடம் அரசாங்கம் ஒரு திட்டம் அறிவித்தது. இந்த வேலையில் இருப்பவர்கள் ஒரு வருடம் கல்லூரியில் படிக்கலாம். கட்டணம் முழுக்க அரசுடையது, வேலையும் போகாது. ஒரு மையத்துக்கு ஒரே இடம். தான் பார்த்துக்கொள்ளும் ஒருவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். அண்ணிக்கு அங்கேதான் இடித்தது. எட்டாவதோடு நின்றவள். அவள் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்.

"நீங்க சொல்லுங்க அண்ணி, நான் எழுதுறேன்" என்றாள் நாத்தனார். பன்னிரண்டாவது படித்தவள். கணவன் கைவிட்டபின் மூன்று வருடமாக இவர்கள் வீட்டில்தான் இருந்தாள். நான்கு மாலைகள் சமையலறையில் அண்ணி வெங்காயம் உரித்தபடி சொன்னாள், நாத்தனார் எழுதினாள். பேச்சு வாக்கில் அப்பா விஷயமும் வாயில் வந்துவிட்டது. அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, இதை மட்டும் எழுதிடாதம்மா. அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"எழுதுவேனா அண்ணி?"

முடிவு வந்ததும் மேலாளர் அம்மா குடும்பங்களை எல்லாம் வரவழைத்தார். தேர்வானவள் நாத்தனார். அவளும் விண்ணப்பித்திருக்கிறாள் என்பதே அண்ணிக்கு அப்போதுதான் தெரிந்தது. சரி, படித்த பெண், அவளுக்கும் ஒரு வழி பிறக்கட்டும் என்று கைதட்டினாள். மேலாளர் அம்மா கட்டுரையை வாசிக்கத் தொடங்கினார். "அவன் மேலே பார்த்தால் ஆமாம்..." அண்ணியின் கை பாதியில் நின்றது. அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் அப்பா விஷயமும் இருந்தது.

முன்வரிசையில் கேப்டனின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கேப்டன் நாத்தனாரைப் பார்க்கவில்லை. அண்ணியைத்தான் பார்த்தான்.

துணி மடிக்கும் அறையில் அண்ணி நாத்தனாரைப் பிடித்தாள். "என் பேர்ல அனுப்புறேன்னுதானே சொன்னே?"

நாத்தனார் போர்வையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "உங்க பேர்ல போயிருந்தா கிடைச்சிருக்காது அண்ணி. எட்டாவதுன்னு பார்த்ததுமே ஓரமா வச்சிருப்பாங்க. வீணாப் போறதை நான் எடுத்துக்கிட்டேன்."

"அவன் விஷயத்தை ஏன் எழுதினே?"

"அது இல்லாம அந்தக் கட்டுரையில என்ன இருக்கு?"

வீட்டில் கணவனிடம் சொன்னபோது அவன் தட்டைப் பார்த்தே பேசினான். "தெரியும். அனுப்புறதுக்கு முன்னாடியே சொன்னா. அவளுக்கும் ஒரு பிடிமானம் வேணுமில்ல? உனக்குத்தான் நான் இருக்கேனே."

நாத்தனார் செய்ததைக்கூட ஒருமாதிரி தாங்கிக்கொண்டவளுக்கு இது தாங்கவில்லை. விண்ணப்பம் போனபின் ஒன்றரை மாதம் இந்த மனுஷன் அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு, "முடிவு வந்துச்சா?" என்றுவேறு கேட்டிருக்கிறான்.

மறுநாள் மேலாளர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எழுதத் தெரியாதவங்க பேசிப் பதிவு பண்ணி அனுப்பலாம்னு விண்ணப்பத்துலயே போட்டிருந்துச்சே. அவ சொல்லலையா?" சொல்லவில்லை. "பட்டியல் போயிடுச்சு அண்ணி. இப்ப கிளறினா மையத்துக்குத்தான் கெட்ட பேரு. விட்டுடுங்களேன்."

அண்ணி கேப்டனிடம் போனாள். கஞ்சிக் கரண்டியைக் கொண்டுபோனபோது அவன் வாயைத் திறக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். "அவ எனக்குச் செஞ்சதை நான் உனக்குச் செஞ்சுட்டேன். அவகிட்ட வாயைத் திறந்தது நான்தான். மன்னிச்சிரு." அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அவள் கெஞ்சவில்லை. கரண்டியை இன்னொரு உதவியாளரிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

மூன்றாம் நாள் அவன் அம்மா மேலாளர் அறைக்கே வந்துவிட்டார். "என் புள்ளையோட மனசை அவன்கிட்ட கேக்காம எப்படி ஊருக்கு அனுப்புனீங்க? அது திரும்பி வரணும். வேணும்னா அவனையே கேளுங்க." மேலாளர் அம்மா முதல் தடவையாக அவன் முன்னால் குனிந்து, கட்டுரையைத் திரும்பப் பெறவா என்று கேட்டார். அவன் மேலே பார்த்தான். வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்லூரி கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. அந்த இடம் வேறொரு மையத்துக்குப் போனது. நாத்தனார் வேலையை விட்டு, பெண்கள் விடுதி ஒன்றுக்குக் குடிபோனாள். "என் தங்கச்சியை வீட்டைவிட்டே துரத்திட்டே" என்றான் கணவன். "துரத்தலை. இருன்னும் சொல்லலை" என்றாள் அண்ணி.

கேப்டன் மூன்று வாரம் கழித்து அவள் கையால் சாப்பிட்டான். ஆனால் மனதில் இருப்பதைச் சொல்வதை நிறுத்திவிட்டான். பசியா, வலியா, தூக்கமா, அவ்வளவுதான். அண்ணியும் அதற்குமேல் கேட்பதில்லை.

அடுத்த வருடம் அவள் கைபேசியில் இருபது நிமிடம் பேசி அனுப்பினாள். இந்த முறை கேப்டனைப் பற்றி அல்ல. எல்லோரையும் கடிக்கும் ஒரு பெண்ணைப் பற்றி, அவளுடைய அக்காவிடம் சம்மதம் கேட்டு, அந்தப் பெண்ணையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினாள். இடம் கிடைத்தது.

கல்லூரி திறந்த நாள் காலையில் கணவன் வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தான். "ஏறு, கொண்டுபோய் விடுறேன்."

"பஸ் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.