ஈரத்துணியும் இரண்டு பாட்டில்களும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை சோகத்தில் பிறக்கவில்லை. திங்கட்கிழமை மதியம் மூன்றேகால் மணிக்கு, திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரி லேப்பில், நாற்பத்தாறு வயது ஆள் ஒருவன் கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை வைத்துக்கொண்டு தனியாகக் குதித்தான். அந்த ஆள் நான்தான். பெயர் பாஸ்கல், வேலை லேப் டெக்னீஷியன். இதுவரை இரண்டு கதைகள் அச்சில் வந்திருக்கின்றன, இரண்டையும் என் மனைவி பாதியில் வைத்துவிட்டாள்.

குதித்த கையோடு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். ஏன் குதித்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. கிழித்துப் போட்டவற்றை நீங்களும் பாருங்கள்.

"அகரத்து மல்லிகைத் தோட்டங்களின் மீது விடியல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த" – நிறுத்திவிட்டேன். மல்லி எடுக்கிறவர்கள் எழுந்திருக்கும் நேரத்தில் நான் இதுநாள் வரை எழுந்ததில்லை. பார்க்காத விடியலை எப்படி இறக்குவது?

"மையச் சிரை வடிகுழாய் வழித் தொற்று குழந்தைகளிடையே" – இதையும் நிறுத்திவிட்டேன். இரண்டாவது வரியில் நீங்கள் எழுந்து போயிருப்பீர்கள்.

ஆகவே நேராகவே சொல்கிறேன். தமிழ்நிலாவுக்கு ஒன்பது வயது. திண்டுக்கல் பக்கத்து அகரத்துப் பிள்ளை, பூ விவசாயக் குடும்பம். ரத்தப் புற்றுநோய்க்கு மதுரையில் வைத்தியம் நடக்கிறது. கை நரம்புகளில் ஊசி ஏற்றி ஏற்றி அவை ஒளிந்துகொண்டதால், அவளுடைய நெஞ்சு வழியாக ஒரு மெல்லிய குழாய் வைத்திருக்கிறார்கள். உள்முனை இதயத்தை ஒட்டிய பெரிய ரத்தக்குழாயில் இருக்கும். வெளிமுனை காலர் எலும்புக்குக் கீழே பிளாஸ்டருக்கு அடியிலிருந்து தொங்கும். மருந்து, ரத்தம், சோதனை எல்லாம் அந்த வழிதான். வாராவாரம் குழாயைச் சுத்தம் செய்ய எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவாள்.

(இது அவளுக்கு இரண்டாவது குழாய். முதலாவது கெட்டுப்போய் எடுத்தாகிவிட்டது. இதையும் எடுத்தால் மறுபடி ஆபரேஷன், அடுத்த சுற்று மருந்து வாரக்கணக்கில் தள்ளிப்போகும். அந்த மருந்து தள்ளிப்போகக் கூடாத மருந்து. கதையில் பணயம் என்று ஒன்று இருக்க வேண்டும் என்பார்களே, இங்கே இதுதான் அது.)

3

ஞாயிற்றுக்கிழமை மாலை குழாயில் மருந்துத் தண்ணீர் செலுத்திய அரை மணி நேரத்தில் அவளுக்குக் கட்டில் ஆடும் அளவுக்கு நடுக்கம், நூற்று மூன்று காய்ச்சல். குழந்தைகள் டாக்டர் அன்புக்கரசி ஓடி வந்தார்.

"பாஸ்கல், ஆன்டிபயாடிக் உடனே போடணும். அதுக்கு முன்னாடி குழாய்ல ஒரு பாட்டில், கையில ஒரு பாட்டில் ரத்தம் வேணும். ரெண்டும் ஒரே நேரத்துல, ஒரே அளவு."

குழாயிலிருந்து நர்ஸ் நர்கீஸ் எடுத்துவிட்டார். கையில் எடுப்பது என் பொறுப்பு. தமிழ்நிலா போர்வைக்குள் இருந்து ஒரு விரலை நீட்டினாள்.

"ஒரே குத்துதான் அங்கிள்."

"ஒரே குத்துதான் தாயி."

"போனவாட்டி ஒரு அண்ணன் அப்புடிச் சொல்லிட்டு ஏழு குத்து குத்துனாரு."

வெந்நீர்ப் பையை முழங்கை மடிப்பில் வைத்து, தடவித் தடவிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு நரம்பை நம்பி இறக்கினேன். ரத்தம் வந்தது! அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "பரவால்ல," என்றாள். என் கதைகளுக்குக்கூட இப்படி ஒரு விமர்சனம் வந்ததில்லை.

சரியாக ஆறு மணிக்கு இரண்டு பாட்டில்களையும் மெஷினில் ஒன்றாகச் சொருகினேன்.*

* இந்த மெஷின் பாட்டிலை உடம்புச் சூட்டில் வைத்து ஆட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே கிருமி பெருகினால் கத்தும். குழாய் பாட்டில் கை பாட்டிலைவிட இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்திக் கத்தினால், கிருமி குழாய்க்குள்தான் குடியிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் தொழிலில் எனக்குப் பிடித்த விஷயமே இந்தப் பந்தயம்தான்.

4

திங்கள் காலை எட்டு மணிக்குக் குழாய் பாட்டில் கத்தியது.

பந்தயம் தொடங்கிவிட்டது. ஒன்பது மணி. பத்து. கை பாட்டில் வாயைத் திறக்கவில்லை. நான் டீ குடிக்கவில்லை, போன் எடுக்கவில்லை, வெளியே சுகர் டெஸ்டுக்குக் காத்திருந்தவர்கள் என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள். பதினொன்று பத்துக்கு அது கத்தியபோது நான் மாடிப்படியில் பாதியில் இருந்தேன்.

"மூணு மணி நேரம் பத்து நிமிஷம் மேடம்! குழாய்தான்! குழாயேதான்!"

"மெதுவா பாஸ்கல், வார்டு இது. ஸ்லைடு பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். ஊதா நிறத்தில், திராட்சைக் கொத்து மாதிரி குண்டு குண்டாக. இந்தக் கொத்துக் கிருமியில் ஒன்று பொல்லாத வகை. அது வந்தால் குழாயைக் காப்பாற்ற நினைக்கவே கூடாது, உருவி எறிய வேண்டும். மற்றது தோலில் சும்மா குடியிருப்பது, வழி தவறிக் குழாய்க்குள் போயிருக்கும். அதுவானால் மருந்து கொடுத்து, குழாயை அப்படியே வைத்துக்கொண்டு போராடிப் பார்க்கலாம்.

எது என்று கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. சின்னக் கண்ணாடிக் குழாயில் முயல் பிளாஸ்மா, அதில் பாட்டிலிலிருந்து சில சொட்டு. நாலு மணி நேரம் உடம்புச் சூட்டில் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்து நின்றால் பொல்லாதது.

மூன்றேகாலுக்குக் கண்ணாடிக் குழாயைக் கையில் எடுத்தேன். சாய்த்தேன்.

தண்ணீராக ஓடியது.

குதித்தேன். ராத்திரி முழுக்க வைத்து மறுநாளும் பார்ப்பது வழக்கம், அதற்குள் குதிக்கக் கூடாது. அது தெரிந்தும் குதித்தேன். செவ்வாய்க்கிழமையும் உறையவில்லை என்பதால் மானம் தப்பியது.

5

இனிமேல்தான் நான் செய்த அயோக்கியத்தனம் வருகிறது.

கிருமி எப்படி உள்ளே போனது? கதைக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டார். திங்கள் மாலை எழுதிய பிரதியில், கை கழுவாமல் குழாயைத் தொடுகிற ஒரு நர்ஸை உருவாக்கினேன். செல்போனில் பேசிக்கொண்டே ஊசி போடுவார், அலட்சியமாகச் சிரிப்பார். நன்றாகவே வந்திருந்தது. அவருக்கு நர்கீஸ் மாதிரியே கண்ணாடி, நர்கீஸ் மாதிரியே நடை. தாள்களை லேப் மேசையில் வைத்துவிட்டு சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால் நர்கீஸ் நின்றுகொண்டிருந்தார்.

"ஏண்ணே, நா கை கழுவுறதில்லையா?"

"அது கற்பனைம்மா..."

"என் கண்ணாடிய மாட்டிவிட்டுட்டு கற்பனைங்கிறீங்க? கழுவிக் கழுவி என் கையப் பாருங்க, தோலு உரிஞ்சு கெடக்கு. ஞாயித்துக்கெழமை பிளாஸ்டரப் பிரிச்சது நாந்தான். ஓரமெல்லாம் நீரு கோத்துப்போயி, உள்ள தோலு வெளுத்து ஊறிக் கெடந்துச்சு. அதக் கேட்டீங்களா? ஒரு வார்த்த கேக்காம வில்லியாக்கிட்டீங்க."

கேட்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் தெரிவதை மட்டும் நம்பிப் பழகியவன் நான். அந்த நாலு பக்கங்களையும் அவர் முன்னாலேயே கிழித்தேன். "சின்னதாக் கிழிங்க," என்றார்.

6

தமிழ்நிலாவின் அம்மா நாகஜோதியிடம் செவ்வாய்க்கிழமை நர்கீஸும் நானும் கேட்டோம். பிளாஸ்டர் எப்படி நனைந்தது? பிள்ளையைக் குளிக்க வைத்தீர்களா?

"இல்ல சார். நனையக் கூடாது, குளிக்க வைக்கக் கூடாதுன்னாங்க. ஒருநா கூடக் குளிக்க வைக்கல. தொடச்சுத்தான் விடுவேன்."

"வேற ஏதாவது?"

அவர் யோசித்தார். பிறகு வெகு இயல்பாகச் சொன்னார்.

"ஈரத்துணி போட்டேன். வெயிலு என்னா வெயிலு அடிக்குது, பிளாஸ்டருக்குள்ள எரியுது எரியுதுன்னு அழுதா. மல்லிய எடுத்தா ஈரத்துணியப் போட்டு மூடித்தான சார் மார்க்கெட்டுக்குக் கொண்டாருவோம்? சூடு ஏறாது, வாடாது. அது மாதிரித்தான் துணிய நல்லாப் பிழிஞ்சு மேல போட்டேன். போட்ட ஒடனே தூங்கிட்டா. நாலு நாளு போட்டேன்."

நர்கீஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் இருவர் முகத்திலும் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

"அதுனாலயா?" என்றார் நாகஜோதி.

எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"நல்லாப் பிழிஞ்சுதான் சார் போட்டேன்."

நர்கீஸ் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, குளிப்பாட்டாதீங்கன்னு சொன்னோம். துணி போடாதீங்கன்னு நாங்க சொல்லல. அது எங்க தப்பு."

("நாகஜோதி வாய்விட்டு அழுதார். அவருடைய கண்ணீர்" – எழுதினேன், அடித்துவிட்டேன். ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும்.)

7

இதைக் கதையில் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு பகல் முழுக்கக் குழம்பினேன். பிள்ளையின் எரிச்சலைத் தணித்த ஒரு தாயை நான் எப்படிக் கூண்டில் ஏற்றுவது? கடைசியில் அவரிடமே போய், நான் கதை எழுதுகிறவன் என்று சொன்னேன். என் புத்தகம் எந்த ஊர்க் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். புத்தகம் எதுவும் இல்லை, அச்சில் வந்தது இரண்டே கதைகள்தான் என்று சொன்னதும் அவர் முகத்தில் ஏமாற்றம்தான் தெரிந்தது.

"எழுதுங்க. எங்கூருல பூ எடுக்குற வீட்டுல இன்னொருத்தி இப்புடிப் போட்டுறக் கூடாது. ஆனா நா அழுதேன்னு எழுதாதீங்க."

"சரிம்மா."

"அப்புறம், கதையில எம்புள்ளைய என்ன பண்ணப் போறீங்க?"

முப்பது வருஷமாகப் படிக்கிறேன், இருபது வருஷமாக எழுதுகிறேன். ஒரு கதையைப் பற்றி இதைவிட நேரான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

8

முடிவுகள்.

(அ) காய்ச்சல் இறங்குகிறது. குழாய் தப்பிக்கிறது. தமிழ்நிலா பள்ளிக்கூடம் போகிறாள். – எழுதும்போது கை இனித்தது. ஆனால் எனக்குத் தெரியாததை எழுதியிருக்கிறேன்.

(ஆ) கிருமி அடங்கவில்லை. மதுரையில் குழாயை எடுக்கிறார்கள். மருந்து தள்ளிப்போகிறது, அந்த இடைவெளியில் – நிறுத்திவிட்டேன். அந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகாது.

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ஞாயிறு மாலையிலிருந்து ஆன்டிபயாடிக் ஏறுகிறது. திங்களிலிருந்து தினமும் சில மணி நேரம் குழாய்க்குள் கெட்டியான மருந்தை நிரப்பி, வெளிமுனையை அடைத்து, கிருமியை அதன் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கிறோம். செவ்வாய் மாலை காய்ச்சல் இறங்கியது. புதன்கிழமை தமிழ்நிலா வார்டு இட்லியைக் குறை சொன்னாள், டாக்டரம்மா அதைக் கேஸ் ஷீட்டிலேயே எழுதினார்.

அதே புதன் காலை ஏழு மணிக்குக் குழாயிலும் கையிலும் மறுபடி ரத்தம் எடுத்தோம். மறுபடியும் ஒரே குத்து! பாட்டில்கள் மெஷினில் இருக்கின்றன.

"கத்துச்சுன்னா அன்னைக்கே குழாய எடுக்க மதுரைக்கு அனுப்பணும்," என்றார் டாக்டர். "வெள்ளிக்கெழம காலையில ஏழு மணி வரைக்கும் கத்தலைன்னா குழாய் நிக்கும்னு நம்பலாம். அஞ்சு நாள் கத்தலைன்னா ஜெயிச்சோம்."

9

இதை நான் வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, மெஷின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். முப்பத்தொன்றாவது மணி. போன தடவை பதினாலாவது மணியிலேயே கத்திய குழாய் பாட்டில் இது. இதுவரை சத்தமில்லை. என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்கிறது, சந்தோஷத்தில்தான் என்று நினைக்கிறேன்.

எல்லாக் கதையிலும் முடிவு வந்து சேர வேண்டும் என்று காத்திருப்போம். இங்கே முடிவு என்று ஒன்று வந்தால் அது சத்தமாகத்தான் வரும், அது எங்களுக்கு வேண்டாம். ஆகவே இந்தக் கதையை நான் முடிக்கப் போவதில்லை.

நாகஜோதி மணிக்கு ஒரு முறை லேப் வாசலுக்கு வருகிறார். உள்ளே வர மாட்டார். "கத்துச்சா சார்?" என்பார். "இல்லம்மா," என்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான் பேச்சு.

நேற்றிலிருந்து நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. செத்த நேரம் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வர வேண்டும். நீங்கள் இந்த ஸ்டூலில் உட்காருங்கள். ஒன்றையும் தொட வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும். அவர் வந்து கேட்டால், உங்கள் காதில் விழுந்ததை மட்டும் அப்படியே அவரிடம் சொல்லுங்கள்.