மூச்சு விழுந்த தாள்

மலாக்காவின் காஜா பெராங்கில் அந்த ரப்பர் கம்பெனியின் பின்கட்டு அறைக்குள் சேதுராமனைத் தவிர யாரும் போகக் கூடாது. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த கையோடு கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை போட்டுவிட்டுப் போன சட்டம் அது. அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, பொருள் இன்னதென்று தாளில் கோடு போட்டுக் காட்டும் மெஷின் அங்கே இருந்தது. மகா கோபக்கார மெஷின். பொருளைத் தடவி வைக்கும் உப்புக்கல் வில்லைகள் மலாக்கா ஈரத்தில் கரையும். பக்கத்தில் யாராவது மூச்சுவிட்டால்கூடக் கோட்டில் தெரிந்துவிடும்.

இப்படியே மூன்று வருஷம். வீட்டிலும் ஆளில்லை. ஞாயிறுதோறும் பேச்சுக்கு ஆசைப்பட்டு ஜாலான் பெண்டஹாரா கடைத்தெரு வரை நடந்து, வேண்டாத கடுகை வாங்கி வருவார். வீட்டில் நாலு டப்பா கடுகு இருந்தது.

அன்று மேனேஜர் கருணாகரன் ஒரு ரப்பர் சீட்டை நீட்டினார். மேலே மஞ்சள் பிசுக்கு. கப்பலில் போன சரக்கு திரும்பிவிட்டதாம்.

"அஞ்சலை கையில தேங்காயெண்ணெ தடவிக்கிட்டுத்தான் சீட்டு பிரிக்குது. எழுதிக் குடுங்க, நாளைக்கே வேலைய விட்டு நிறுத்திடுறேன்."

"பாத்துட்டு எழுதுறேன் சார்."

பிசுக்கைச் சுரண்டி வில்லைகளுக்கிடையே வைத்து மெஷினை ஓடவிட்டபோது முதுகுப்பக்கம் ஆள் அரவம் கேட்டது. புக்கிட் ரம்பாயிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வரும் அஞ்சலைதான்.

"நான் எண்ணெய தொடுறதே இல்லீங்க ஐயா. வேலை போச்சுன்னா சூசா, ரொம்பக் கஷ்டம். மூணு புள்ளைங்க."

சேதுராமனுக்குப் போகச் சொல்ல வாய் வரவில்லை. தோளருகே இன்னொருவர் நிற்பது அவ்வளவு நன்றாக இருந்தது. "கோடு போடுற இந்தப் பேனாவப் பாரு, தேங்காயெண்ணெயா இருந்தா இந்த இடத்துல குழியா இறங்கும். மெஷின் எண்ணெயா இருந்தா இறங்காது" என்று தொடங்கி, ஒரு மாதத்துப் பேச்சையும் பேசித் தீர்த்தார்.

பேனா அந்த இடத்துக்கு வந்தது. குழி இல்லை. ஆனால் கோட்டில் பொடிப்பொடியாக ரம்பப் பற்கள் விழுந்தன. அவள் மூச்சின் ஈரம் என்று அவருக்குத் தெரியும். கருணாகரனுக்குத் தெரியுமா? இறங்கியிருக்கிறதே என்று சொல்ல அவருக்கு இது போதும்.

"வெளிய போ! இங்க நிக்கக் கூடாது!"

அவசரத்தில் குரல் கடுமையாகிவிட்டது. அவள் முகம் செத்துப்போயிற்று. வெளியே போனாள்.

ஈரம் அடங்கக் காத்திருந்து, தானும் சுவரோரம் ஒதுங்கி நின்றுகொண்டு இன்னொரு தாள் ஓட்டினார். கோடு அந்த இடத்தைச் சமமாகக் கடந்தது. சீட்டுகளைக் கட்டாக அழுத்தும் பிரஸ்ஸில் ஒழுகிய மெஷின் எண்ணெய்தான். கருணாகரன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே ஃபிட்டரைக் கூப்பிடப் போனார்.

சாயங்காலம் அஞ்சலை வந்தாள். வாசற்படிக்கு அப்பாலேயே நின்றாள்.

"வேலை தப்பிச்சிருச்சுங்க. உங்க புண்ணியம்."

"உள்ள வாம்மா. இப்ப மெஷின் ஓடல."

"வேணாங்க. நீங்கதானே நிக்கக் கூடாதுன்னீங்க."

கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். காரணத்தைச் சொல்ல அவர் வாசலுக்கு வருவதற்குள் அவள் தெருவுக்குப் போய்விட்டாள்.

கெட்டுப்போன தாளைக் கிழித்துப்போட வேண்டும் என்பது துரையின் இன்னொரு சட்டம். சேதுராமன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த அறையில் இன்னொரு ஆள் இருந்ததற்கு அவரிடம் இருந்த அத்தாட்சி அது ஒன்றுதான்.