ஆகார் இரண்டாம் முறை போனபோது

ரீனா சேத்துப்பட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து ஆரணியில் வந்து இறங்கியபோது, ஒரு பக்கக் காது வீங்கிக் கன்றியிருந்தது. இடுப்பில் நான்கு வயது ஷீபா. புருஷன் அடிப்பது புதிதல்ல. அம்மா ரோசம்மாள் ராட்டையில் பட்டுநூல் சுற்றுவதை நிறுத்திவிட்டு, மகளை ஒரு வார்த்தை கேட்காமல் பாஸ்டருக்குச் சொல்லியனுப்பினாள். ரோசம்மாளுக்குத் தலைவலி மாத்திரை போடவும் பாஸ்டர் ஜெபம் செய்தாக வேண்டும்.

பாஸ்டர் வந்தார், காபி குடித்தார், வேதத்தைத் திறந்தார். எஜமானியின் கொடுமை தாங்காமல் ஓடிப்போன அடிமைப்பெண் ஆகாரைத் தேவதூதன் வழியில் மறித்து, திரும்பிப் போய் அடங்கியிரு என்று சொன்ன இடத்தைப் படித்தார்.

“தூதனே சொல்லிட்டாரு. அதுக்கு மேல நான் இன்னா சொல்றது?”

“அவ இன்னொரு தபாவும் போனாளே ஐயா,” என்றாள் ரீனா. “புள்ளயோட தொரத்தி உட்டாங்களே. அப்போ எந்தத் தூதனும் திரும்பிப் போன்னு சொல்லலயே. அத ஏன் யாரும் படிக்க மாட்றீங்க?”

“ஐயாவயே எதிர்த்துப் பேசிகினு! வாய மூடுடி,” என்றாள் ரோசம்மாள். அவள் பயந்ததென்னவோ ஊர் வாய்க்குத்தான். சாயங்காலமே மகளை பஸ் ஏற்றிவிட்டாள். ஷீபாவுக்கு ஜுரம், குழந்தை மட்டும் தங்கியது.

மறுவாரம் ரீனா பெட்டிக்குள் வந்து சேர்ந்தாள். ஸ்டவ் வெடித்தது என்றார்கள். வெடித்த ஸ்டவ்வை ஒருவரும் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, யாரையும் கேட்காமல் ரோசம்மாள் வேதத்தைத் திறந்தாள். சில பக்கங்கள் தள்ளி, மகள் சொன்னது அப்படியே இருந்தது. பாவி, இதைத் திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரமாகியிருக்கும் என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் பாஸ்டர் மருமகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். “புள்ள அப்பன்கிட்ட இருக்கறதுதாம்மா முறை. அனுப்பி வையி.”

“ரெண்டாவது தபா தூதன் இன்னா சொன்னான்னு படிச்சேங்க. எழுந்திரு, புள்ள கையப் புடிச்சிக்கன்னு சொல்லிருக்கான்.”

“அது வேற சந்தர்ப்பம்மா.”

“ஆமாங்க. அங்க அந்தப் புள்ளயோட ஆத்தா உயிரோட இருந்தா.”

மருமகன் வாசற்படியில் கால் வைத்தான். ரோசம்மாள் அவன் முகத்துக்கு நேராகக் கதவை அறைந்து சாத்தித் தாழ் போட்டாள்.

“ஆயா, வலிக்குது, கைய உடு,” என்று ஷீபா அழுதாள். ரோசம்மாள் விடவில்லை.