ஆளுக்கொரு மேசை

பாலக்கரையில் சேக் மைதீன் பாயின் டீக்கடை நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது. பளிங்கு மேசை, தலைக்கு மேல் மின்விசிறி, ஏலக்காய் மணக்கும் டீ. எல்லாம் ஆண்களுக்கு. பெண்களுக்கென்று பின்பக்கம் திரை போட்ட ஒரு ஃபேமிலி ரூம் இருந்தது. ஒரு நாள் போய்ப் பார்த்தால் அதற்குள் மைதா மூட்டைகளை அடுக்கியிருந்தார்.

"பார்சல் வாங்கிட்டுப் போங்கம்மா" என்றார்.

காலையிலிருந்து ஜவுளிக்கடையில் நின்றபடியே புடவை விரித்துக் காட்டுகிறவர்கள் நாங்கள். இளவேனில், ருக்ஸார், நான். உட்கார்ந்து ஒரு டீ குடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் இடமில்லை என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். தெரியாத பெண் உட்கார்ந்திருக்கும் மேசையில் ஆண் உட்கார மாட்டான். மரியாதையாம். சரி, அந்த மரியாதையை முழுசாகவே வாங்கிக்கொள்வோம் என்று மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகைக் கூட்டம் வருவதற்கு முன்பே உள்ளே போனோம். கடையில் மொத்தமே மூன்று மேசை. ஆளுக்கொன்றில் உட்கார்ந்தோம்.

தொழுகை முடிந்து வந்தவர்கள் வாசலிலேயே தயங்கினார்கள். பிறகு கிளாஸும் கையுமாகச் சுவரோரம் நின்றார்கள். பாய் ஓடி வந்தார்.

"மூணு பேரும் ஒரே டேபிள்ல உட்காரக் கூடாதா? யாவாரம் கெடுதும்மா."

"நேத்து ஒரு டேபிள் குடுத்திருந்தா உட்கார்ந்திருப்போம் பாய். இன்னைக்கு மூணும் வேணும்" என்றாள் இளவேனில்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் ரஃபீக் உள்ளே வந்தார். அவர் தினமும் வருகிற கடை. என்னைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனது. கூட்டாளிகள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

"வீட்டுல டீ இல்லையா மஜீதா?"

"உங்களுக்கும் அதே வீட்டுலதானே டீ இருக்கு. நீங்க ஏன் இங்க வர்றீங்க?"

யாரோ சிரித்துவிட்டார்கள்.

"எந்திரி. போலாம்."

"குடிச்சிட்டு வரேன்." எதிர் நாற்காலியை அவருக்காக இழுத்துவிட்டேன். "நீங்க உட்காருங்க. இந்தக் கடையில இப்ப உட்காரக்கூடிய ஒரே ஆம்பளை நீங்கதான்."

அவர் உட்காரவில்லை, வெளியே போகவும் இல்லை. கூட்டாளிகளோடு சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

பாய் வேறு வழியில்லாமல் மூன்று மேசைக்கும் டீ கொண்டுவந்து வைத்தார். என் புருஷனைப் பார்த்துக்கொண்டே ஆற அமரக் குடித்தேன். குடித்து முடித்ததும் பாயைக் கூப்பிட்டேன்.

"இன்னொரு டீ போடுங்க பாய்."